காசெட்டின் மறுபக்கம்

நேற்று என் அறையைச் சோதனை போட வந்த உங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் கை தவறி டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்திவிட்டார். கீச்சென்று அந்தச் சத்தம் கிளம்பியதும் கையிலிருந்த பெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். பாவம், முகமே வெளுத்துவிட்டது. முதல்முறை கேட்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி, நிற்காமல், மூச்சு விடாமல் ஒரு கூச்சல்.

அது வெறும் விளையாட்டு, சார். அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பாட்டு கேட்கிற காசெட்டில்தான் எல்லாவற்றையும் பதிந்துவைக்கும். நமக்குக் கீச்சல். மெஷினுக்கு அது பேச்சு. பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுத் திரையில் ஏணி, குரங்கு, ராக்கெட் என்று ஏதாவது போடும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

என் தொழில் அந்தப் பழைய மெஷின்களை இன்றைய கம்ப்யூட்டருக்குள் உயிரோடு வைப்பது. மெஷின்கள் செத்துப்போயின. உதிரி கிடைக்காது. ஆனால் எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை ஓட்டினால் புதுக் கம்ப்யூட்டர் தன்னைப் பழைய மெஷின் என்றே நினைத்துக்கொள்ளும். அதே வேகம், அதே நிறம், அதே முட்டாள்தனம். பரணில் கிடந்த காசெட்டையும் கேம் கார்ட்ரிட்ஜையும் ஆட்கள் கொண்டுவருவார்கள். நான் அதற்குள் இருப்பதை எடுத்து எமுலேட்டரில் ஓட்டிக் காட்டுவேன். தொப்பை வைத்த பெரிய மனிதர்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து பத்து வயதுப் பையன்களாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் இரண்டாம் தடவை வருவதில்லை. ஒரு தடவை பார்த்தால் அவர்களுக்குப் போதும்.

அந்த அம்மா மட்டும்தான் திரும்ப வந்தார்.

துணி தேய்க்கும் கடைக்கு மேலே என் அறை. படி செங்குத்து. ஒரு பிஸ்கட் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி ஏறி வந்தார். டப்பா நிறையக் காசெட்டுகள். லேபிளில் கோணல்மாணலான பையன் கையெழுத்து.

"தம்பி, இதுல என் மகன் இருக்கான். எடுத்துக் குடுப்பியா?" என்றார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். மகள் வெளியூரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். மகன் பதினாறு வயதில் நண்பர்களோடு ஆற்றுக்குக் குளிக்கப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. அது நடந்து நாற்பது வருஷம் ஆகப் போகிறது. அவன் எழுதிய விளையாட்டுகள்தான் அந்தக் காசெட்டுகள்.

எமுலேட்டர் என்றால் என்னவென்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அதாவது, செத்துப்போன மெஷின் மாதிரி இது வேஷம் கட்டுது."

"அப்படித்தாம்மா. ஆனா உள்ள இருக்கற விளையாட்டுக்கு அது வேஷம்னு தெரியாது."

"அதுக்குத் தெரியாதுன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. என் அறையில் யாரும் சிரித்து நாளாகியிருந்தது.

எமுலேட்டரில் ஒரு வசதி உண்டு. டேப் முழுவதையும் கண் இமைக்கும் நேரத்தில் ஏற்றிவிடலாம். அவர் வேண்டாம் என்றார். பழைய வேகத்திலேயே, அந்தக் கீச்சலோடுதான் ஏற வேண்டும். "நான் சமையல்கட்டுல இருப்பேன். உள்ளே இந்தச் சத்தம் கேட்டுட்டே இருக்கும். சத்தம் நின்னா பையன் விளையாட ஆரம்பிச்சிட்டான்னு அர்த்தம். என் தம்பிங்க மூணு பேரும் அப்போ எங்க வீட்லதான். நாலு பேரும் அந்த டிவியைச் சுத்தி உக்காந்துட்டு ஒரே அடிதடி." டேப் ஏறும்போது திரையின் ஓரத்தில் கலர் கலராகக் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள் அவர் மூக்குக்கண்ணாடியில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பையன் கெட்டிக்காரன், சார். குறும்பும் ஜாஸ்தி. புரோகிராம் வரிகளுக்கு எல்லோரும் பத்துப் பத்தாக எண் கொடுப்பார்கள். இவன் ஏழு ஏழாகக் கொடுப்பான். வரிகளுக்கு நடுவே, ஆங்கில எழுத்தில் தமிழில், யாரும் பார்க்காத இடத்தில் குறிப்பு எழுதிவைப்பான். 'இதைப் படிக்கிறவன் வேலை இல்லாதவன்.' 'அப்பா தலையில் இருக்கிற முடியைவிட இந்தக் கேமில் லெவல் அதிகம்.' நான் ஒவ்வொன்றாகத் தேடி வாசித்துக் காட்டுவேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "திருட்டுப் பய, நேர்ல வாயே திறக்க மாட்டான்" என்பார்.

வாரத்துக்கு ஒரு காசெட் என்று வைத்துக்கொண்டோம். வரும்போது எனக்கு டிபன் பாக்ஸில் சாப்பாடு கொண்டுவருவார். நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் டேப்பைப் போட விடுவார். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே பெற்றவள் போய்விட்டாள். விடுதிகளில் வளர்ந்தவன். 'சாப்பிட்டாயா' என்ற கேள்வியை என்னிடம் ஓட்டல்காரர்கள்தான் கேட்டிருக்கிறார்கள். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. கேட்டீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரு நாள் டப்பா காலியாகிவிட்டது.

"அவ்வளவுதானாப்பா?" என்றார். டப்பாவை மூடினார். மூடியை ஒருமுறை தடவினார். எழுந்து, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். இனி வர மாட்டார் என்று எனக்குப் புரிந்தது. எல்லோரையும் போல இவரும் அந்தப் படியில் இறங்கிப் போய்விடுவார்.

"பின்பக்கம் இன்னும் பார்க்கலையேம்மா" என்றேன்.

பின்பக்கங்கள் எல்லாம் காலி. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் வாயில் வந்துவிட்டது. அவர் மறுபடி உட்கார்ந்தார். அவ்வளவுதான் சார் நான் செய்தது. ஒரு வயதான பெண்மணியை உட்காரவைத்தேன்.

பையனுடைய நடையில் எழுதுவது சிரமமாக இல்லை. ஏழு ஏழாக எண், ஏணி விளையாட்டு, நடுவில் கிண்டல். எமுலேட்டரில் எழுதி, அதைக் கீச்சலாக மாற்றி, அவனுடைய காசெட்டின் மறுபக்கத்திலேயே பதிந்தேன். டேப் அவனுடையது. லேபிள் அவனுடையது. நான் எழுதினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கை என்னுடையது, அவ்வளவுதான். விளையாட்டு முடிந்ததும் திரையில் நாலு வரி வரும்படி வைத்தேன். 'அம்மா, சிரிக்காதே. ரிசல்ட் வரட்டும். உன்னை மலைக்குக் கூட்டிப் போறேன்.'

அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்குச் சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தியா தம்பி? பாதியை வச்சிட்டே" என்றார்.

நம்பிவிட்டார் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தேன். மறு வாரம் சரியாக வந்தார்.

அதற்குப் பிறகு பையன் பேச ஆரம்பித்தான். விளையாட்டு குறைந்தது, பேச்சு கூடியது. 'அம்மா, இருமல் எப்படி இருக்கு?' 'அம்மா, படியில பார்த்து ஏறு.' 'அம்மா, போன வாரம் ஏன் வரலை?' நாற்பது வருஷத்துக்கு முன்னால் போனவனுக்குப் போன வார விஷயம் எப்படித் தெரியும் என்று அவர் ஒருதடவையும் கேட்கவில்லை. திரையைப் பார்த்து, "வரலைன்னா என்னடா, மழைடா" என்பார். அந்த 'டா' என் காதுக்கு எவ்வளவு இதமாக இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னை அவர் கடைசிவரை 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார். திரைக்குத்தான் 'டா'.

சில நாள் அவன் என் அறையில் இருந்தான், சார். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். சும்மா சொல்கிறேன். டேப் நின்ற பிறகும் கீச்சல் நிற்காது. குழாயைத் திறந்தால் தண்ணீருக்குள் கேட்கும். கீழே தேய்ப்புக்காரர் பெட்டியை ஈரத்துணியில் வைக்கும்போது அந்த 'உஸ்'ஸில் கேட்கும். கடையில் பாக்கி சில்லறையை எண்ணும்போதுகூட ஏழு ஏழாக எண்ணத் தொடங்கியிருந்தேன். ஒரு நாள் டீ வாங்கிவரக் கீழே போய்விட்டு மேலே வந்தேன். பையன் எழுதியதற்குக் கீழே, நான் வைக்காத ஒரு வரி திரையில் இருந்தது. 'நீ யார்?'

டீயை மேஜையில் வைத்தேன். அம்மா கீபோர்டுக்கு முன்னால் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"நீ யாருன்னு அவன் கேக்கறான் தம்பி. பதில் சொல்லு."

நான் கரண்டைத் துண்டித்துவிட்டேன். மெஷினில் ஏதோ கோளாறு என்றேன். அவர் என்னையே பார்த்தார். "ஆபரேட்டரா இருந்தப்போ ராங் நம்பர் வந்தா உடனே வைக்க மாட்டேன்" என்றார். "எதிர்ல இருக்கறது யாரு, எதுக்குப் பேசறாங்கன்னு கொஞ்சம் கேட்டுட்டுத்தான் வைப்பேன். சில பேருக்கு நம்பரா முக்கியம்? யாராவது எடுத்தா போதும்." வயதானவர்கள் சம்பந்தம் இல்லாமல் ஏதாவது பேசுவார்கள் இல்லையா, அப்படி எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் மகள் வந்தாள். பஸ் ஓட்டுகிறவள், குரலும் அதற்கேற்ற மாதிரி. டேப் ஏறிக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"இது என்ன பேய் பங்களாவா? கீழே ரோடு வரைக்கும் கத்துது." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் எங்க அண்ணனைத் திரும்பக் கொண்டாந்தவரா? அப்படியே எங்க அப்பாவையும் பாருங்க. வீட்டுப் பத்திரத்தை எங்க வச்சார்னு கேக்கணும்."

"ஏண்டி, வந்ததும் வராததுமா" என்றார் அம்மா.

"அம்மா, நீ முதல்ல கிளம்பு. டாக்டர் தேதி குடுத்தாச்சு. இதயத்துல வால்வு மாத்தணும்னு சொல்லி எத்தனை மாசம் ஆச்சு? என்கூட வந்து இரு. ஆபரேஷன் முடிஞ்சு என்கிட்டயே இருந்துடு. இந்தப் படியை ஏறி எறங்கி ஏதாவது ஒண்ணு ஆகிடப்போகுது."

அடுத்த வாரம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா என்னிடம், "போகணும்தான் தம்பி. மாடிப்படி இருக்கட்டும், வீட்டுக்குள்ள நடந்தாலே மூச்சு வாங்குது" என்றார்.

அந்த வாரம் பையன் ஒரே ஒரு வரிதான் சொன்னான். 'அம்மா, என்னை விட்டுட்டுப் போகாதே.'

நான் யோசிக்காமல் செய்யவில்லை. ஆபரேஷன் என்றால் ஆபத்து. வயதானவர். மகள் நாள் முழுக்க பஸ்ஸில் இருப்பவள், யார் பார்த்துக்கொள்வார்கள்? இங்கே என்றால் நான் இருக்கிறேன். நியாயமாகத்தான் பட்டது. அவர் வரியை வாசித்தார். மறுபடி என்னைத்தான் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. வீட்டுக்குப் போய் மகளுக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று மகள் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாளே: "அவன் தனியா இருக்கான்டி. பாதியில விட்டுட்டு எப்படி வர்றது?" செத்த மகனைச் சொல்கிறார் என்று மகள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. பையன் ஜெயித்துவிட்டான் என்று தோன்றியது.

நான் எப்படி மாட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது சுவாரசியமானது. அம்மாவின் காரியம் எல்லாம் முடிந்த பிறகு மகள் அந்த டப்பாவை எடுத்துப் போனாள். அண்ணனின் அசல் மெஷின் அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. டிவியில் மாட்டியிருக்கிறாள். ஓடியிருக்கிறது. முன்பக்கங்கள் எல்லாம் ஒழுங்காக ஏறின. பின்பக்கம் போட்டால் பாதியிலேயே நின்று, நினைவகத்தில் இடம் போதவில்லை என்று ஒரு வரி காட்டியது. ஒன்று இரண்டு இல்லை, எல்லாப் பின்பக்கமும்.

உடனே எனக்குப் போன் செய்தாள். "என் அண்ணன் மெஷின்ல ஓடாத கேமை என் அண்ணன் எப்படிங்க எழுதினான்?"

தப்பு என்னுடையதுதான். பையனிடம் இருந்தது சின்ன மெஷின். எமுலேட்டரில் நினைவகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். வசதிக்காக நான் எப்போதும் கூட்டியே வைத்திருப்பேன், பழக்கதோஷம். அவனைப் போலவே எழுதினேன், அவனைப் போலவே எண் போட்டேன். அவனிடம் இருந்த இடத்துக்குள் எழுத மறந்துவிட்டேன். எமுலேட்டர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அசல் மெஷின் கண்டுகொண்டது.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் உங்களிடம் சொன்னது இதுதான்: டேப் ஏறிக்கொண்டிருந்தது, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை, சத்தம் நின்றதும் திரும்பினால் அவர் கீழே கிடந்தார், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆனால் கீழே தேய்ப்புக்காரர் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார். மேலே நாற்காலி விழுந்த சத்தம் முதலில் கேட்டதாம். அதற்குப் பிறகும் கீச்சல் வெகு நேரம் ஓடியதாம். அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. என் சட்டைக்கு ஒரு மடிப்புக்கூடத் தப்பாக வைத்ததில்லை.

அவர் சொன்னதுதான் சரி.

அன்றைக்கு டேப்பில் நல்ல செய்தி வைத்திருந்தேன். தேதியைத் தள்ளிப்போட்டதற்கு நன்றி சொல்லி, பாட்டாக. அவர் வரும்போதே வேர்த்திருந்தார். டிபன் பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டு, இன்று டேப் வேண்டாம், கொஞ்சம் பேசலாம் என்றார். நான் போட்டுவிட்டேன். கோடுகள் ஓட ஆரம்பித்தன. ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். நாற்காலி சாய்ந்தது. தரையில் உட்கார்ந்தபடி, மேஜைக்காலைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

டேப்பைப் பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் போட வேண்டும் என்று, தேய்ப்புக்காரர் சொன்னதைக் காட்டி நீங்கள் கேட்டபோது ஒரு காரணம் சொன்னேன். அது உண்மையான தகவல்தான். ஆனால் அதற்காக நான் நிறுத்தாமல் இல்லை. செல்போன் என் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரி தெருமுனையில் இருக்கிறது.

அவர் சொன்னது எனக்குக் கேட்டது, சார். கெட்டுப்போன டேப்பின் கீச்சலில் எந்த இடத்தில் ஒரு துளி விட்டுப்போயிருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுகிறவன் நான். நாலடி தூரத்தில் ஒரு மனுஷி பேசுவது கேட்காமல் போகுமா?

கேட்ட பிறகு யோசித்தேன். அவர் பிழைத்து எழுந்தால் அந்தப் பையன் இருக்க மாட்டான். இனி அவன் எழுதுவதை வாசிக்க ஆள் இருக்காது. 'டா' போட்டுப் பேச ஆள் இருக்காது. ஒருதடவை ஆற்றில் போனவனை இன்னொரு தடவை நானே சாகவிட வேண்டும். இரண்டு பேரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும் என்று பட்டது. நான் பையனைத் தேர்ந்தெடுத்தேன். டேப் முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு நன்றாக வந்திருந்தது. அதற்குப் பிறகுதான் போனை எடுத்தேன். ஆமாம், தெரிந்தே செய்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் என்ன சொன்னார் என்றுதானே காலையிலிருந்து கேட்கிறீர்கள்? குரல் ஏறவில்லை. ஆனால் ஆபரேட்டர் இல்லையா, ஒரு சொல்கூடத் தேயாமல் சொன்னார்.

"தம்பி, அதை நிறுத்துப்பா, என் பையன் ஒரு நாளும் என்னை அம்மான்னு கூப்பிட்டதில்ல, என் தம்பிங்களைப் பார்த்துப் பார்த்து அக்கான்னுதான் கூப்பிடுவான், அம்மான்னு கூப்பிட்டது நீதான்னு எனக்கு முதல் நாளே தெரியும், வா, வந்து என் கையைப் பிடிடா."